துரையின் கைக்கு முடிந்த வலை

கோட்டையில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. பீரங்கியில் மருந்து கெட்டிப்பதற்கு, சாயத்துணிக் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பதற்கு, செத்த குதிரையைப் புதைப்பதற்கு, புதைத்தபோது குதிரை செத்துத்தான் இருந்தது என்று சான்று தருவதற்கு. பழவேற்காட்டில் ஒல்லாந்தருக்குத் துபாஷியாக இருந்த காலமெல்லாம் நான் இந்த முறைகளை அவர்கள் மொழியிலிருந்து நம் மொழிக்கும், நம் ஆட்களின் முறையீடுகளை நம் மொழியிலிருந்து அவர்கள் மொழிக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் என்னைப் பாதிதான் நம்பியது. இரண்டு பாதி சேர்ந்தால் ஒன்று என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். இப்போது வேலையை விட்டுவிட்டேன். வேலை என்னை விடவில்லை. குழம்பு கொதிப்பதற்குக்கூட நான் முறை சொல்வதாக வீட்டில் குறை.

எந்த முறைக்குள்ளும் அடங்காமல் என் கண் முன்னால் நடந்த ஒன்று உண்டு. ஒரு வெற்றிலை அளவுகூட இல்லாத வலைத் துண்டைப் பற்றியது அது.

புதிய துரை கோட்டைக்குத் தலைவராக வந்தது ஒரு மாசி மாதத்தில். அந்த நாட்களில் ஏரி பின்வாங்கிவிடும். தண்ணீர் இருந்த இடமெல்லாம் சேறு காய்ந்து, அதன்மேல் உப்பு பூத்து, பார்த்த கண்ணைக் கூசவைக்கும் வெள்ளையாகக் கிடக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த எனக்கு அது சேறும் உப்பும்தான். கோட்டை மதில்மேல் ஏறிய துரை நெற்றிமேல் கையை வைத்துக்கொண்டு அதைக் கோடிவரை பார்த்தார்.

“எங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஏரி இப்படித்தான் ஆகும்” என்றார் பிறகு. “தண்ணீர் கல்லைப் போலக் கெட்டிப்படும். அதன்மேல் நடப்போம். குழந்தைகள் ஓடுவார்கள். அடியில் மீன் உயிரோடு இருக்கும்.”

பக்கத்தில் நின்ற காவல்காரன், துரை என்ன சொல்கிறார் என்று கேட்டான். சொன்னேன்.

“வெயிலு ஏறிப்போச்சு சாமி. தலைக்கு மோர் ஊத்தச் சொல்லுங்க” என்றான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் துரையின் முகத்தைத் திரும்பிப் பார்த்ததும் அந்தக் கேலி எனக்குள் அடங்கிவிட்டது. பொய் சொல்கிறவனுக்கு அப்படிக் கண் கலங்காது. கல்லாகிப்போன ஏரியின்மேல் ஒரு ஊரே நடந்து போவதையும், காலடியில் மீன்கள் நீந்துவதையும் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றும் நினைத்தால் உள்ளங்கால் சில்லிடுகிறது.

அந்தக் கெட்டித் தண்ணீர்மேல் அவர்கள் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டாம். நீண்ட கோல், அதன் நுனியில் ஈயம் வார்த்த கொண்டை. பந்தைத் தரையில் வைத்து அடிக்க வேண்டும். தூரத்தில் நட்ட கம்பத்தைக் குறைந்த அடிகளில் தொடுகிறவன் கெட்டிக்காரன். துரை தம் மரப்பெட்டியில் துணிமணிகளைவிட இந்தக் கோல்களைத்தான் அதிகம் கொண்டுவந்திருந்தார். மறுநாளே வெள்ளைத் தரையில் ஆட்டம் தொடங்கியது. கம்பத்தைக் கொண்டுபோய் முகத்துவாரத்து மணலில் நட்டார்கள். பந்து யார் மண்டையிலும் பட்டுவிடக் கூடாது என்று, அந்த வெளிக்குள் ஒருவரும் வரலாகாதென்று தடையும் போட்டார். அது கருணையால் போட்ட தடை. நான் பார்த்தவரையில், கோட்டையிலிருந்து வந்த தொல்லைகளில் முக்கால்வாசி கருணையால் வந்தவை.

முகத்துவாரத்து மணல் சும்மா கிடந்த மணல் அல்ல. கடல் ஏரிக்குள் நுழையும் அந்த வாயில்தான் கரைவலைக்கு ஏற்ற இடம். எல்லாக் குப்பங்களும் ஒரே சமயத்தில் அங்கே வலை இழுக்க முடியாது என்பதால், தங்களுக்குள் சீட்டுப் போட்டு முறை வைத்திருந்தார்கள். பாடு என்று அதற்குப் பெயர். வடக்குக் குப்பத்தின் பாடு வருகிற அமாவாசையில் தொடங்க இருந்தது. போன தடவை அவர்கள் பாடு வந்தபோது முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. இந்தத் தடவையும் கைவிட்டுப் போனால், அடுத்த பாடு சுற்றி வரும்வரை குப்பம் தாங்காது. படகுகளை விற்றுவிட்டு உப்பளத்துக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

தடையை அறிவிக்கப் போனவன் நான். குப்பத்துத் தலைவர் அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துப் பேச அவர் தங்கை இருந்தாள். குப்பத்தின் வலைகளை முடிவது அவள் வேலை. கையில் வலை ஊசி ஓடிக்கொண்டிருக்க, நிமிராமலே கேட்டாள்.

“இன்னா நைனா, தொரை பந்து பொறுக்குற எடத்துல நாங்க மீன் பொறுக்கக் கூடாதாமே?”

“பந்து பட்டு உங்க மண்டை உடையக் கூடாதுன்னுதாம்மா.”

“வயிறு காஞ்சா பரவால்லியா?”

முறையீடு எழுதித் தருகிறேன் என்றேன். அது எனக்குக் கைவந்த கலை.

“எழுதினா?”

“சின்ன துரை பார்ப்பாரு. அவரு எழுத்தர்கிட்ட குடுப்பாரு. சபை கூடுற அன்னிக்கு வாசிப்பாங்க.”

“சபை எப்பக் கூடும்?”

“கப்பல் வந்ததும்.”

“கப்பல் எப்ப வரும்?”

“காத்து திரும்பினா.”

“அப்ப காத்துக்கே எழுதிப் போட்ருலாமே. நடுவுல நீ எதுக்கு?”

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்துவாரம் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் துரைக்கு வேறொரு துன்பம். அவர் ஊரில் அந்த ஆட்டத்தைக் குளிரில் ஆடுவார்கள். இங்கே கோலைப் பிடித்த மாத்திரத்தில் உள்ளங்கை வியர்த்து, வீசும்போது கோல் வழுக்கியது. ஒரு தடவை கையை விட்டே பறந்து போய், காவல்காரன் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு சேற்றில் குத்திட்டு நின்றது. அவன் அன்றிலிருந்து மோர் யோசனையைச் சொல்வதில்லை.

பிடி நழுவாதபடி ஒரு கையுறை செய்து வா என்று எனக்கு உத்தரவு. எனக்குத் தெரிந்த முறையில் தொடங்கினேன். ஆரம்பாக்கத்தில் செருப்புத் தைப்பவர் ஆட்டுத்தோலில் ஒன்று தைத்துக் கொடுத்தார். போட்ட சற்று நேரத்தில் உள்ளே வியர்வை கட்டி, கை ஊறிப்போனது. வெயிலில் காய்ந்ததும் தோல் விறைத்துக்கொண்டு விரல் மடங்க மறுத்தது. பிறகு கோட்டைத் தையல்காரர், ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுபோன மெல்லிய துணியில் ஒன்று தைத்தார். பார்க்க அழகு. கோலில் அது வெண்ணெய் போல வழுக்கியது. குங்கிலியத்தைப் பொடித்துக் கையில் தடவிப் பார்த்தோம். அன்று துரையால் கோலைக் கீழே வைக்க முடியவில்லை. வெந்நீர் ஊற்றிப் பிரித்தோம். உள்ளங்கையில் கொப்புளங்கள் வந்தன.

மறுபடி குப்பத்துப் பக்கம் போனபோது சிறிய வலை ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரக் கயிறு. ஈரக் கைகள். ஒருவருக்கும் வழுக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆளுக்கொரு கிழிந்த வலைத் துண்டை உள்ளங்கையில் சுற்றியிருந்தார்கள். கயிற்றின் முனையில் நின்ற தலைவரின் தங்கையிடம் அது எதற்கென்று கேட்டேன்.

“கயிறு தோலக் கேக்கும். நாங்க தோலுக்குப் பதிலா வலையக் குடுத்துடுவோம்” என்றாள்.

துரைக்கு அதுபோல ஒன்று முடிந்து தர முடியுமா என்று கேட்டேன். அவள் கயிற்றை விடாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவரு கோலு வழுக்காம இருக்கணும். அதுக்கு நான் முடிஞ்சு தரணும். நல்லாத்தான் கீது நைனா உன் நாயம்.”

ஆனாலும் அளவு கேட்டாள். துரையின் கையை ஓலையில் வைத்துக் கோடு இழுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். “இது கையா, துடுப்பா?” என்றாள்.

முதலில் வந்தது முழுக்கைக்கும் ஆனது. போட்டுப் பார்த்த துரை வலையில் மாட்டிய நண்டுபோல விரல்களை ஆட்டிக் காட்டினார். விரலிடுக்கில் நூல் தடித்து, கோல் கைக்குள் அமராமல் உருண்டது. அடுத்தது வெறும் உள்ளங்கைக்கு மட்டும். அது நகர்ந்து நகர்ந்து மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. மூன்றாவது தடவை துரைக்கே ஒரு யோசனை தோன்றியது. கோலின் பிடியில் சுண்ணாம்பு தடவி, நன்றாகப் பிடித்து, ஓங்கி ஒரு வீச்சு வீசிவிட்டு, கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுவதும் ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். சுண்டுவிரலிலிருந்து நடுவிரல்வரை மூன்று விரல்களின் அடியிலும், உள்ளங்கையின் அடிமேட்டிலும் மட்டும்தான் வெள்ளை. கட்டை விரல் சுத்தமாக இருந்தது. கோலைப் பிடித்தது கை என்று அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார். பிடித்தது அந்த நான்கு இடங்கள்தான்.

அந்தச் சுண்ணாம்புத் தடத்தை ஓலையில் குறித்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, முடிந்திருந்ததைப் பிரிக்க ஆரம்பித்தாள். வெள்ளை இல்லாத இடமெல்லாம் போயிற்று. சுண்டுவிரலுக்கு ஒரு வளையம், நடுவிரலுக்கு ஒரு வளையம், இரண்டிலிருந்தும் கீழே இறங்கும் சிறுகண் வலை, மணிக்கட்டில் சுற்றிச் சங்குத் துண்டில் மாட்டும் ஒரு சரடு. அவ்வளவுதான். சணப்பு நூல் முடிச்சுகள் தோல் பக்கம் உறுத்தாதபடி நனைத்துவைத்து மரச்சுத்தியால் தட்டினாள். கோல் பக்கம் அவை மணலைப் போலத் துருத்திக்கொண்டு நின்றன. கருவேலம்பட்டை கொதித்த துவர்நீரில் ஊறவைத்துக் காயவைத்ததும் அது செம்மண் நிறமாகியது.

நாங்கள் எல்லோரும் வியர்வையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இதற்கு வியர்வை வேண்டியிருந்தது. நனைந்தால் நூல் ஊதிக்கொள்ளும். ஊதினால் முடிச்சு கோலைக் கவ்வும். மிஞ்சிய ஈரம் வலைக் கண்களின் வழியாக வெளியே போய்விடும். அதை என் உள்ளங்கையில் வைத்தபோது கனமே தெரியவில்லை. கையில் வைத்திருக்கிறேனா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தேன்.

மறுநாள் காலை துரை அதை மாட்டிக்கொண்டு, கையைத் தண்ணீரில் முக்கி எடுத்து, பந்தின் முன் நின்றார். கோல் எழுந்ததைப் பார்த்தேன். அடித்த சத்தம் காய்ந்த விறகு பிளப்பது போலக் கேட்டது. பந்தை என் கண் தொலைத்துவிட்டது. பிறகு வெகுதூரத்தில், வெள்ளைத் தரையின்மேல் அது ஒரு புள்ளியாக இறங்கி, குதித்து, மறுபடி குதித்து, நிற்க மனமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அது போன திசையில் தண்ணீர் ஓரமாக மேய்ந்த பூநாரைகள் மிரண்டன. முதலில் ஒரு வரிசை எழுந்தது. அதைப் பார்த்து அடுத்தது. பின் ஏரியின் அந்தப் பக்கக் கரையே எழுந்துவிட்டது போலிருந்தது. வெள்ளையாக நின்றவை இறக்கையை விரித்ததும் உள்ளே அத்தனையும் சிவப்பு. வானத்தின் பாதியில் அந்தச் சிவப்பு திரும்பியது, மடங்கியது, எங்கள் தலைக்குமேல் காற்றை அறைந்துகொண்டு போனது. துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டார். காவல்காரனும் தலைப்பாகையைக் கழற்றினான். கோல் மறுபடி பறந்து வரும் என்று பயந்து கழற்றினானா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை கோட்டை வாசலில் ஒரு கூடை மடவை மீன் இருந்தது. அதற்கடுத்த நாள் இறால். துரை அதைப் பரிசு என்று நினைத்தார். நான் லஞ்சம் என்று நினைத்தேன். லஞ்சத்தை ஏற்பதற்கான முறையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குப்பத்துத் தலைவரும் தங்கையும் வாசலில் வந்து நின்றார்கள். தலைவர் முகம் வெளுத்திருந்தது. தங்கை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். ஒவ்வொரு குப்பமும் தன் வலையின் ஓரத்தைத் தனக்கே உரிய முடிச்சால் கட்டும். அந்த ஓரம் கொண்ட வலையைக் கையில் சுற்றியவர் அந்தக் குப்பத்தின் பாட்டுக்காரர், அதாவது கயிறு இழுக்கவும் மீனில் பங்கு வாங்கவும் உரியவர். துரையின் கைவலையை முடிந்தபோது அவள் விரல்கள் பழக்கத்தில் அந்த ஓரத்தையே போட்டுவிட்டன. அதை யாருக்கு முடிகிறோம் என்று விரல்களுக்குத் தெரியவில்லை. போட்ட பிறகு குப்பமும் அதை ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. துரை நம் ஆளாகிவிட்டார் என்று, அன்றன்று சிறிய வலையில் விழுந்ததில் நேர்மையாகப் பங்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். பரிசுமில்லை, லஞ்சமுமில்லை. ஆனால் அதே சீட்டில் பங்கிருந்த தெற்குக் குப்பத்தார் துரையின் கையைப் பார்த்துவிட்டார்கள்.

“அவங்க சொல்லி அனுப்பிட்டாங்க நைனா” என்றாள். “உங்க ஆளுன்னா அமாவாசைக்கு வந்து கயிறு புடிக்கணும். புடிக்கலைன்னா ஊர் வலைய வெளியாளுக்குக் குடுத்தீங்கன்னு அர்த்தம். பாடு போச்சு.”

“பிரிச்சுடலாமே அந்த ஓரத்தை?”

“அதுலதான் மொத்தமும் நிக்குது. பிரிச்சா வெறும் நூலு.”

“திருப்பி வாங்கிட்டா?”

“கையில போட்டத கழட்டுறது, எனக்குப் பாடு வேணாம்னு சொல்றது. அவரு ஒருத்தர் சொன்னா ஊரே சொன்ன மாதிரி.”

தலைவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “எதையும் கூட்டாத. கொறைக்காத. அப்படியே சொல்லு” என்றார் என்னிடம்.

தடையை நீக்கச் சொல்லிக் கேட்பதற்கு வழி உண்டு. துரையைக் கயிறு இழுக்கக் கூப்பிடுவதற்கு எந்த வழியும் இல்லை. போய் நின்று, அவர்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லிக்கொண்டே போகும்போது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. துரை கையைத் திருப்பி அந்த ஓர முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

“நான் போகாவிட்டால்?”

“அவர்களுடைய முறை போய்விடும்.”

“அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதா?”

“நான் சொல்லும்வரை தெரிந்திருக்க வழியில்லை.”

அவர் சன்னலுக்குப் போய் முகத்துவாரத்தின் பக்கம் எட்டிப் பார்த்தார். “எந்த நேரத்தில் இழுக்கிறார்கள்?” என்று கேட்டார்.

அமாவாசை கழிந்த விடியலில் துரை கோட்டும் பூட்சும் இல்லாமல் மணலில் நின்றார். படகு வலையை வளைத்துப் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. இரண்டு கயிறுகள், இரண்டு வரிசை ஆட்கள். துரைக்குத் தென்கயிற்றின் வாலில், கடைசி ஆளாக இடம். அவர்கள் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். வாலுக்கு வந்தவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடி, தண்ணீரோரம் முதல் ஆளாகப் பிடிப்பார். துரைக்கு இழுக்க வந்தது. விடத்தான் வரவில்லை. கடைசிவரை இழுத்துக்கொண்டே போய் மல்லாந்து விழுந்தார்.

“அடேயப்பா, பிடின்னா பிடி!” என்றது ஒரு குரல். “கோலு மட்டும் எப்டி கையிலேந்து பறந்துச்சாம்?”

“பின்ன நான் எதுக்கு முடிஞ்சு குடுத்தேன்னு நினைச்ச?” என்றாள் தலைவரின் தங்கை.

துரை என்னைப் பார்த்தார். உங்கள் பிடியைப் பாராட்டுகிறார்கள் என்றேன். அது முழுப்பொய் அல்ல.

வலை நெருங்க நெருங்கக் கயிறு கனத்தது. அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. தென்கயிறு, துரை நட்ட கம்பத்தில் உரசி, நார் நாராகப் பிரிந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. கோட்டைக் கம்பம் என்பதால் ஒருவரும் அதைத் தொட நினைக்கவில்லை. கயிற்றை விட்டால் வலையே போய்விடும். முன்னால் நின்ற தலைவரின் தங்கை திரும்பிப் பார்க்காமல் கத்தினாள்.

“பாட்டுக்காரரே! உன் கம்பு நம்ம கயித்த அறுக்குது!”

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அதற்குள் துரை ஓடிவிட்டார். கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை. மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலைத் தோண்டினார். ஒரு இழை அறுந்து காற்றில் சுழன்றது. நான் உதவிக்குப் போனேன். தலைவர், வாழ்நாளில் முதல் தடவையாகவோ என்னவோ, உரக்கப் பேசினார். “தள்ளி நில்லு! உன் கையில வலை இல்ல!” நின்றுவிட்டேன். துரை தோளைக் கொடுத்து நெம்பினார். கம்பம் சாய்ந்தது. கயிறு அதன் தலைக்குமேல் ஏறிக்கொண்டு, அறுபடாமல், தண்ணீரை நோக்கி நேராகியது.

துரை ஓடிவந்து தம் இடத்தில் மறுபடி கயிற்றைப் பிடித்தார். வரிசை பின்னோக்கி நடந்தது, ஓடியது, மறுபடி நடந்தது. துரை இப்போது விடவேண்டிய இடத்தில் விட்டார். இரண்டு வரிசைகளும் ஒன்றை ஒன்று நெருங்கின. வலையின் மடி, மீன் சேரும் அந்தப் பை, ஆழமில்லாத தண்ணீருக்கு வந்தபோது அங்கே தண்ணீர் கொதித்தது. சூரியன் அந்நேரம்தான் கடலைவிட்டு மேலே வந்தது. கரை முழுவதும் உருக்கிய வெள்ளி ஏறி வருவதுபோல மடி மணலில் தவழ்ந்தது. இத்தனை உயிரும் நேற்றிரவு வரை அந்தக் கறுத்த தண்ணீருக்குள் எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. தலைவர் மடியின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன்மேல் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

மீனைக் கூறு போட்டார்கள். எல்லாக் கூறும் ஒரே அளவு. துரைக்கு முன்னாலும் ஒன்று வைத்தார்கள். அவர் கால்மேல் துள்ளி விழுந்த மீனை எடுத்துக் கூறில் வைத்துவிட்டு, நாளைக்கும் இப்படி வருமா என்று கேட்கச் சொன்னார்.

“வரும், வராது. வந்து இழுத்தாத்தான் தெரியும்” என்றாள் தலைவரின் தங்கை. “பாடு முடியுற வரைக்கும் தெனம் கயித்துக்கு வரணும்னு சொல்லு.”

சொன்னேன். துரை கைவலையைக் கழற்றாமலே ஏரியில் அலசி, அதில் சிக்கியிருந்த செதில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பிறகு சாய்ந்து கிடந்த கம்பத்தின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். மறுமுனையை நான் தூக்கினேன். இதற்கு யாரும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. முகத்துவாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெள்ளைத் தரையின் மேற்குக் கோடியில் நடுவதற்கு அதைச் சுமந்து போனோம்.